முதல் கடையை வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, பாங்க்கும் கடன் தருகிறேன் என்கிறது, சின்னதாக ஒரு கடையோ ஆபீஸ் இடமோ வாங்கி வாடகைக்கு விடலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. என் முதல் கடை, வாங்கிய அடுத்த வருடமே பதினோரு மாதம் பூட்டிக் கிடந்தது. அதனால் எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் என் பதில் காலிக் கடையில்தான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்களை ரூபாய், டாலர் என்று எந்த நாட்டுப் பணத்தின் பெயரும் போடாமல் கொடுத்திருக்கிறேன். வரியும் வாடகைச் சட்டமும் இடத்துக்கு இடம் மாறும், அவற்றை உங்கள் வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கி வாடகைக்கு விட்ட அனுபவம் இருக்கிறது. கடையும் அதே மாதிரிதானே?

பாதிதான் அதே மாதிரி. வீட்டின் விலையைப் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்பது தீர்மானிக்கிறது. கடையின் விலையை அது ஈட்டும் வாடகை தீர்மானிக்கிறது. ஒரே தெருவில், ஒரே அளவில் இரண்டு கடைகள். ஒன்றில் ஒப்பந்தத்தோடு ஆள் இருக்கிறார், இன்னொன்று பூட்டியிருக்கிறது என்றால் இரண்டுக்கும் விலை வேறு.

வீடு காலியானால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் யாராவது வந்துவிடுவார்கள், எல்லோருக்கும் குடியிருக்க இடம் வேண்டுமே. கடை அப்படியில்லை. அந்த இடத்தில் அந்த அளவில் தொழில் செய்ய ஒருவருக்குத் தோன்ற வேண்டும், அவருக்கு முதல் வேண்டும், அனுமதி வேண்டும். பதிலுக்கு ஒரு நல்லது உண்டு: உள்வேலைக்குச் சொந்தக் காசைப் போட்டு, வாடிக்கையாளரையும் பிடித்துவிட்ட கடைக்காரர் சுலபத்தில் நகர மாட்டார்.

கடனும் மாறும். வீட்டுக் கடனைவிட முன்பணம் கூடுதல், வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. சில இடங்களில் ஐந்து அல்லது பத்து வருடம் தவணை கட்டியபின் மிச்சத்தை மொத்தமாக அடைக்கச் சொல்லும் கடனும் உண்டு. அந்தத் தேதி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். மறுகடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அப்படிப்பட்ட கடனை வாங்குகிறோம், ஆனால் அந்த வருடத்தில் கடை காலியாக இருந்தால் எந்த பாங்க்கும் திரும்பிப் பார்க்காது.

எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும்?

விலையில் கால் பங்கு முதல் 40 சதவீதம் வரை முன்பணம் கேட்பார்கள். பதிவுச் செலவு, வக்கீல், மதிப்பீட்டாளர், கட்டடத்தைச் சோதிக்கும் பொறியாளர் எல்லாம் அதற்கு மேல். இதெல்லாம் போக, ஆறு மாதத் தவணையும் ஆறு மாதச் செலவும் தனிக் கணக்கில் தொடாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு வாடகைதாரர் உள்ள இடம் என்றால் நான் பன்னிரண்டு மாதம் என்பேன். இந்தக் கடைசித் தொகை இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் சேமியுங்கள்.

புரோக்கர் "ஒன்பது பர்சென்ட் மேல வருது சார்" என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

இதற்குத்தான் நீளமான பதில். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை 1000. மாத வாடகை 8. வருடத்துக்கு 96. 1000-க்கு 96 என்றால் 9.6 சதவீதம். புரோக்கர் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

இனி மிச்சப் பாதி. வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று வையுங்கள் (ஐந்து வருடத்தில் ஒரு முறை ஆள் மாறி, ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தால் சராசரி இதுதான்). 8 போயிற்று, மிச்சம் 88. சொத்து வரி 6. காப்பீடு 2. பராமரிப்பு 6. கூரை, ஷட்டர், வயரிங் என்று பெரிய வேலைக்கு ஒதுக்குவது 5. நிர்வாகம் 5, நீங்களே பார்த்துக்கொண்டாலும் இதைக் கழியுங்கள், உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் விலை உண்டு. மொத்தச் செலவு 24. கையில் நிற்பது 64, அதாவது 6.4 சதவீதம். இந்த நிகர வருமானத்தை விலையால் வகுத்து வரும் விகிதத்தைத்தான் கேப் ரேட் என்கிறார்கள். கடன் தவணை இதில் சேராது.

இப்போது கடனைக் கொண்டுவாருங்கள். 600 கடன், 9 சதவீத வட்டி, 15 வருடம். மாதத் தவணை கிட்டத்தட்ட 6.09, வருடத்துக்கு 73. வருவது 64, போவது 73. வருடா வருடம் சம்பளத்திலிருந்து 9 எடுத்துக் கடைக்குக் கொடுக்க வேண்டும். இதே தவணையைப் புரோக்கரின் 96-உடன் ஒப்பிட்டால் 23 மிச்சம் வருவதுபோலத் தெரியும். நான் முதல் தடவை போட்ட கணக்கு அதுதான்.

பாங்க்குகள் நிகர வருமானத்தைத் தவணையால் வகுத்துப் பார்க்கும். 1.2 அல்லது 1.25 வந்தால் பலருக்குத் திருப்தி. இங்கே 64-ஐ 73-ஆல் வகுத்தால் 0.88. 1.25 வர வேண்டுமானால் வருடத் தவணை 51-ஐத் தாண்டக்கூடாது. அந்தத் தவணைக்கு இதே வட்டியில் 420 சுமாருக்குத்தான் கடன் எடுக்கலாம். அப்படியானால் உங்கள் கையிலிருந்து 580 போக வேண்டும், அல்லது விற்பவர் இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? சொத்து தருவது 6.4, கடன் கேட்பது 9. இந்த நிலையில் கடனைக் கூட்டக் கூட உங்கள் பங்கின் வருமானம் தேய்ந்துகொண்டே போகும். "அடுத்தவன் காசில் சம்பாதிக்கலாம்" என்ற பேச்சு, சொத்தின் வருமானம் கடனின் செலவைவிட மேலே இருக்கும்போது மட்டும்தான் எடுபடும்.

வட்டி ஏறினால் தவணை மட்டும்தானே கூடும்?

சொத்தின் விலையும் இறங்கும். 64 நிகர வருமானம் உள்ள கடையை, 6.4 சதவீதம் போதும் என்பவர் 1000 கொடுத்து வாங்குவார். வட்டி ஏறி, வாங்குபவர்கள் 8 சதவீதம் கேட்க ஆரம்பித்தால் அதே கடைக்கு 800-தான். கடைக்காரர் அதே ஆள், வாடகை அதே வாடகை, ஒரு செங்கல்கூட மாறவில்லை. ஆனால் 600 கடனில் வாங்கிய உங்களுடைய 400-இல் 200 காணாமல் போயிற்று. 2022-இலும் 2023-இலும் பல நாட்டு மத்திய வங்கிகள் பணவீக்கத்தை அடக்க வட்டியை மளமளவென்று உயர்த்தியபோது, மறுகடன் வாங்க வேண்டிய வருடம் அதில் வந்து மாட்டியவர்கள் இதை நேரில் பார்த்தார்கள்.

மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று கேளுங்கள். மாறும் வட்டி என்றால், 2 சதவீதம் கூட்டி மேலே உள்ள கணக்கை இன்னொரு தடவை போடுங்கள்.

வாடகைதாரர் ஏற்கெனவே இருக்கிறார். அது பலம்தானே?

ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தபிறகு சொல்கிறேன். உண்மையில் நீங்கள் விலை கொடுப்பது அந்தப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களுக்குத்தான்.

முதலில், மிச்சக் காலம். ஒன்பது வருட ஒப்பந்தம் என்பார்கள். எட்டு வருடம் ஓடியிருக்கும். அடுத்து, நடுவில் காலி செய்யும் உரிமை யாருக்கு, எத்தனை மாத நோட்டீஸில் என்று பாருங்கள். வாடகைதாரர் மூன்று மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றால், அது ஒன்பது வருட ஒப்பந்தமாக இருந்தாலும் உங்களைப் பொறுத்தவரை மூன்று மாத ஒப்பந்தம். நீட்டிக்கும் உரிமை அவரிடம் மட்டும் இருந்து, நீட்டிப்பு வாடகையும் இப்போதே எழுதப்பட்டிருந்தால், சந்தை ஏறினாலும் உங்களுக்கு ஏறாது. வாடகை உயர்வு எத்தனை வருடத்துக்கு ஒரு முறை, எத்தனை சதவீதம்? வரி, காப்பீடு, ரிப்பேர் யார் தலையில்? மூன்றும் வாடகைதாரர் பொறுப்பு என்று எழுதும் ஒப்பந்தங்கள் உண்டு. எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்பதும் உண்டு. மாத வாடகை ஒன்றாகவே இருந்தாலும் இந்த இரண்டும் இரண்டு வேறு சொத்துகள்.

பேப்பரில் இல்லாததுதான் என்னைக் கடித்தது. நான் வாங்கிய கடையின் ஒப்பந்தத்தில் வாடகை தெளிவாக இருந்தது. முதல் மாதம் வந்த பணம் அதில் முக்கால்தான். கேட்டால், "பழைய ஓனர் கால்வாசி குறைச்சுக்கிட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் கடைக்காரர், கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே. வாய்ப்பேச்சு. விற்பவரை அழைத்தேன், அவர் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு காகிதம் இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஒன்று, விற்பவரின் இரண்டு வருட வங்கிக் கணக்கு அறிக்கை. அதில் வாடகை எந்தத் தேதியில், எவ்வளவு வந்தது என்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பேன். இன்னொன்று, வாடகைதாரரே கையெழுத்திட்ட கடிதம்: நான் கொடுக்கும் வாடகை இவ்வளவு, கொடுத்து வைத்த அட்வான்ஸ் இவ்வளவு, பாக்கி இல்லை, இதைத் தவிர வேறு பேச்சு எதுவும் இல்லை. பெரிய கட்டடங்கள் கைமாறும்போது இது வழக்கமான ஒன்றுதான். சின்னக் கடைக்குக் கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அட்வான்ஸ் தொகையை விலையில் கழித்துக்கொள்ளவும் மறக்காதீர்கள், காலி செய்யும் நாளில் அதைத் திருப்பித் தரப்போவது நீங்கள்.

இன்னும் ஒரு தந்திரம். விற்பவரின் உறவினரோ அவருடைய சொந்த நிறுவனமோ சந்தையைவிடக் கூடுதல் வாடகையில் உள்ளே உட்கார்ந்திருப்பது. வாடகை கூடினால் விலை கூடுமல்லவா! விற்பனை முடிந்து சில மாதத்தில் அவர் கிளம்பிவிடுவார். பக்கத்துக் கடைக்காரரிடம் வாடகை விசாரித்தால் இது வெளியே வந்துவிடும்.

பெரிய பிராண்டு வாடகைதாரர் கிடைத்தால் கவலையில்லையே?

போர்டில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அந்த ஒரு இடத்துக்காகவே தொடங்கிய துணை நிறுவனமோ, பிராண்டின் பெயரில் கடை நடத்த உரிமம் வாங்கிய தனிநபரோ கையெழுத்துப் போட்டிருக்கலாம். தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லையென்றால் உங்கள் பிடி அந்தத் துணை நிறுவனத்தோடு சரி. ஆபீஸ் இடத்தைப் பிரித்துக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் வீவொர்க் நிறுவனம், உலகமெங்கும் கட்டடங்களை நீண்ட ஒப்பந்தத்தில் எடுத்து, 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. பல கட்டட ஒப்பந்தங்கள் அதன் துணை நிறுவனங்களின் பெயரில்தான் இருந்தன.

எனக்கென்னவோ, அதே தெருவில் எட்டுப் பத்து வருடமாக இருக்கும் மருந்துக் கடைக்காரரோ பல் டாக்டரோ பிடித்தமானவர்கள். குழாய், வயர், நாற்காலி எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போவது பல் டாக்டருக்குச் சுலபமில்லை.

இடம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போய் உட்காருங்கள். ஒரு வேலை நாள் காலை, ஒரு வேலை நாள் மாலை, ஒரு விடுமுறை நாள். எதிரே எங்காவது அமர்ந்து, அரை மணி நேரத்தில் எத்தனை பேர் கடந்துபோகிறார்கள், எத்தனை பேர் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைகிறார்கள் என்று குறியுங்கள். இரண்டாவது எண்தான் முக்கியம். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஆயிரம் பேரால் கடைக்குப் பைசா வராது.

சாலையின் எந்தப் பக்கம் என்பதும் கணக்கு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பக்கத்தில்தான் சாமான் வாங்க வண்டியை நிறுத்துவார்கள். நடுவில் தடுப்புச் சுவர் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா, வாசலில் எத்தனை படி? நாலு படி ஏற வேண்டிய கடையில் முழங்கால் வலிக்காரரும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவரும் நுழைய மாட்டார்கள். முகப்பு அகலம், ஆழத்தைவிட மதிப்புள்ளது; குகை மாதிரி நீண்ட கடையில் பின்பாதி கிடங்காகத்தான் போகும்.

பிறகு பூட்டிய ஷட்டர்களைப் பாருங்கள். பூட்டில் துரு, ஷட்டரில் அடுக்கடுக்காகப் போஸ்டர், அடியில் மழை கொண்டுவந்த மண் என்றால் அது நேற்று காலியானதல்ல. தெருவில் அப்படி மூன்று நான்கு தெரிந்தால், விற்பவர் சொல்லும் வாடகை எந்தக் காலத்து வாடகை என்று கேளுங்கள்.

கட்டடத்தில் எதைச் சோதிக்க வேண்டும்?

பொறியாளரைக் கூட்டிப் போங்கள், அதற்கு மாற்றே இல்லை. உங்கள் கண்ணுக்கு மூன்று வேலை: மழை பெய்த மறுநாள் கூரையின் அடிப்பாகத்தைப் பாருங்கள்; மின் இணைப்பு எவ்வளவு லோடு தாங்கும், மீட்டர் தனியா பொதுவா என்று பாருங்கள்; கழிவுநீர்க் குழாய் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று கேட்டு அந்தப் பாதையில் நடந்து பாருங்கள்.

மூன்றாவதைச் சொல்லக் காரணம் உண்டு. என் கடையின் குழாய் பக்கத்துக் கடையின் தரைக்கு அடியில் போய்த்தான் வெளியே சேர்ந்தது. அடைப்பு என் பக்கம், உடைக்க வேண்டிய டைல்ஸ் அவர் பக்கம். அவர் சம்மதிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் என் வாடகைதாரர் வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார், நாற்றத்தில் யார் வியாபாரம் செய்வது? மேலே சொன்ன பதினோரு மாதம் தொடங்கியது அங்கேதான்.

முன்பு அங்கே என்ன தொழில் நடந்தது என்றும் விசாரியுங்கள். பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில் நிலத்தடித் தொட்டிகள் கசிந்திருக்கலாம். பழைய டிரை கிளீனிங் கடைகள் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானை அதிகம் பயன்படுத்தின. அது தரையில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும். பல நாடுகளில் யார் கொட்டினாலும் இன்றைய உரிமையாளரையே சுத்தம் செய்யச் சொல்ல முடியும். பழைய கட்டடம் என்றால் கூரைத் தகடு, குழாய்க் காப்புறை ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்று சோதியுங்கள். உடைக்கும்போதுதான் அதன் இழை காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். அகற்ற உரிமம் உள்ள ஆட்கள் வேண்டும், செலவு கூடுதல்.

பத்திரம் சுத்தமாக இருக்கிறது. வக்கீல் வேண்டுமா?

வேண்டும். விற்பவரோ புரோக்கரோ காட்டிய வக்கீல் வேண்டாம். பத்திரம் சுத்தமாக இருந்தும் அனுமதி அழுக்காக இருக்கலாம்: குடியிருப்புக்கு ஒப்புதல் வாங்கிய இடத்தில் கடை நடப்பது, வரைபடத்தில் பார்க்கிங் என்று உள்ள இடத்தைச் சுவர் எழுப்பிக் கடையாக்கியது, ஒப்புதல் இல்லாமல் ஏற்றிய மேல்தளம். அவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை கேட்பார்கள். இடிக்கச் சொல்லி ஆணை வந்தால் இடிபடுவது உங்கள் வாடகை. பின்வாசல் பாதை யாருடைய நிலம், அதில் நடக்க எழுத்து உரிமை உண்டா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பங்குதாரரோடு சேர்ந்து வாங்கலாமா?

வாங்கலாம். பிரிவது எப்படி என்று வாங்குவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: ஒருவர் விற்க நினைத்தால் விலையை யார் மதிப்பிடுவது, மற்றவருக்கு எத்தனை நாள் அவகாசம், கடை காலியான மாதத்தில் ஒருவரால் தவணைப் பங்கைக் கட்ட முடியாவிட்டால் என்ன. இதைப் பேசக் கூச்சப்படுகிறவரோடு சேராதீர்கள்.

கடை காலியாகிவிட்டது. வாடகையைக் குறைத்து உடனே விட்டுவிடலாமா?

முதலில் காலிக் கடையின் செலவு தெரியட்டும். தவணை ஓடும், வரி ஓடும், புது ஆளைக் கொண்டுவரும் புரோக்கருக்குக் கமிஷன், பெயிண்ட், உடைந்த ஷட்டர். காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். கட்டடம் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் பல பாலிசிகளில் பாதுகாப்பு சுருங்கிவிடும். அதனால் காலியான அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

வாடகை விஷயத்தில், பழகியவர்கள் மாத வாடகையைக் குறைக்காமல் முதல் இரண்டு மூன்று மாதத்தை இலவசமாக விடுவார்கள். வந்தவர் அதற்குள் உள்வேலையை முடித்துக்கொள்வார். ஒப்பந்தத்தில் வாடகை குறையாததால் சொத்தின் மதிப்பும், அடுத்த உயர்வுக்கான அடிப்படையும் அப்படியே நிற்கும். உரிமையாளராக நீங்களும் இதைச் செய்யலாம். வாங்குபவராக இருக்கும்போது இதே வித்தையை எதிராளி செய்திருக்கிறாரா என்று பாருங்கள்: வாடகை 8 என்று எழுதி முதல் வருடத்தில் மூன்று மாதம் இலவசம் கொடுத்திருந்தால், அந்த வருடம் உண்மையில் மாதத்துக்கு 6-தான்.

என் கடைக்குப் பதினோரு மாதம் ஆனதற்கு என் பிடிவாதமும் ஒரு காரணம். மூன்றாவது மாதம் வந்த ஒருவர் கேட்ட சலுகை இரண்டு மாத வாடகை. மறுத்தேன். பிறகு இழந்தது எட்டு.

இவ்வளவு தொல்லைக்கு ரீட் வாங்கிவிட்டால் போதாதா?

பலருக்குப் போதும், தயங்காமல் சொல்கிறேன். வாடகைக் கட்டடங்களின் பங்கைப் பங்குச்சந்தையில் வாங்க வழிசெய்யும் ரீட் அமைப்பை 1960-இல் அமெரிக்கா சட்டமாக்கியது, பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் ரீட்டுகள் வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு கட்டடம் காலியானாலும் மற்றவை தாங்கும், வேண்டாமென்றால் சந்தை திறந்திருக்கும் எந்த நாளிலும் விற்கலாம். விலை மட்டும் தினமும் ஆடும். தெரு, கடை, கடைக்காரர் என்று ஒவ்வொன்றையும் உங்கள் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதில் இல்லை. அந்த வேலை பிடிக்குமென்றால் சொந்தக் கடை. வருமானம் மட்டும் போதுமென்றால் ரீட்.

பேரத்தில் எப்போது எழுந்து வர வேண்டும்?

வங்கி அறிக்கையைக் காட்ட மறுத்தால். வாடகைதாரரைச் சந்திக்க விடாவிட்டால். "இன்னொரு பார்ட்டி நாளைக்கே வர்றாங்க, இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க" என்று அவசரப்படுத்தினால். என் இரண்டாவது கடைக்கு முன் இப்படி நான்கு இடத்திலிருந்து எழுந்து வந்தேன். அதில் ஒன்றை இன்றும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். ஷட்டரில் போஸ்டர் மேல் போஸ்டர், எத்தனை அடுக்கு என்று எண்ண முடியவில்லை.